கணக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்த புடவைக்காரர்

2009 ஒக்டோபர் மாதம். செட்டிகுளம் முகாமில் மழைக்கு முன்னரான புழுக்கம். ஒரு பெரிய தறப்பாளின் கீழ் ஐம்பது, அறுபது பேரை இருத்தியிருந்தார்கள். எங்கள் மனங்களை ஆற்றுப்படுத்துவதற்காக வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர்தான், குரலில் கனிவு இருந்தது. ஒரு பெரிய தாளில் மரமொன்றை வரைந்து, வேருக்குப் பக்கத்தில் எண்ணம் என்றும் கனிக்குப் பக்கத்தில் வாழ்க்கை என்றும் எழுதினார். ஒருவருடைய எண்ணம் எப்படியோ அப்படித்தான் அவருடைய வாழ்க்கையும் அமையும், எண்ணத்தை மாற்றினால் நிலைமையும் மாறும் என்று விளங்கப்படுத்தினார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா எழும்பிப் போய்விட்டார். மாத்தளனில் கணவரைப் புதைத்தவர், வட்டுவாகலில் மகனைக் கையளித்தவர். ஏன் இடையில் போனீர்கள் என்று பிறகு கேட்டேன். தண்ணீர் பவுசர் வருகிற நேரம் என்றார். அன்றைக்குப் பவுசர் வரவேயில்லை.

நான் கடைசிவரை இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கேள்வி கொதித்துக்கொண்டிருந்தது. எங்களில் யாருடைய, எந்த எண்ணத்திலிருந்து அந்த எறிகணைகள் புறப்பட்டன? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த மனிதரைச் சங்கடப்படுத்தி என்ன பயன் என்று விட்டுவிட்டேன். கேட்காத கேள்வி நாலைந்து வருடம் என்னோடு திரிந்தது.

அதற்கு விடை சொன்னவர் என்று ஒருவரைக் குறிப்பிட முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்பது என்று எனக்குக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் 1947இலேயே இறந்துபோனவர். கோ. நடேசய்யர்.

இவரிடம் நான் வந்து சேர்ந்த வழியைச் சொல்லவேண்டும். என் அம்மா தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு தாத்தா குடும்பத்தை இழுத்துக்கொண்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கொட்டில் போட்டார். அப்படி வந்த மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வன்னியில் உண்டு. வந்த இடத்தில் எங்களைத் தோட்டக்காட்டார் என்று இளப்பமாகச் சொன்ன வாய்களும் இருந்தன, பசிக்குச் சோறு போட்ட கைகளும் இருந்தன. பிறகு யுத்தம் எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தது. மீள்குடியேறிய பின், 2013இல், அம்மாவின் சித்தப்பா ஒருவரின் மரணவீட்டுக்காக அட்டனுக்குப் போனேன். எட்டுச் செலவுவரை அங்கே தங்கினேன். அந்த லயத்து வீட்டில் சட்டமிட்ட சாமிப் படங்களுக்குக் கீழே, பழைய பஞ்சாங்கங்களோடு கட்டிவைத்திருந்த புத்தகங்களில் ஒன்று சாரல்நாடன் எழுதிய தேசபக்தன் கோ. நடேசய்யர். வெளியே மழை, உள்ளே விறகுப் புகை. இரண்டு இரவில் படித்து முடித்தேன்.

நடேசய்யர் 1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தவர். பிராமணக் குடும்பம், ஆங்கிலக் கல்வி. பேசாமல் இருந்திருந்தால் ஏதாவது அரசாங்க அலுவலகத்தில் நல்ல உத்தியோகத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேறு கிறுக்கு இருந்தது. தமிழர்கள் வர்த்தகம் பழகவேண்டும், கணக்கு வைக்கப் பழகவேண்டும் என்று நினைத்தார். அந்த விடயங்களில் நூல்கள் எழுதினார். தஞ்சாவூரிலிருந்து வர்த்தக மித்திரன் என்றொரு பத்திரிகையை நடத்தினார். கணக்கு எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடி என்பது என் எண்ணம்.

அந்தப் பத்திரிகை வேலையாகத்தான் 1915 அளவில் முதன்முதலில் கொழும்புக்கு வந்தார். இங்குள்ள இந்திய வியாபாரிகளைச் சந்திப்பது நோக்கம். வந்த இடத்தில், மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்யும் தன் ஊர்ச் சனத்தின் நிலைமையைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். பார்க்க முடியாது என்று தெரிந்தது. தோட்டம் என்பது தனியார் சொத்து, துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். சொந்த மகளைப் பார்க்க வந்த தகப்பனும் கேட்டுக்கொண்டுதான் வரவேண்டும். எனக்கு இதைப் படித்தபோது மெனிக் பாம் முள்ளுக்கம்பியும், கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்திக் கதைத்த உறவுகளும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

நடேசய்யர் என்ன செய்தார் என்றால், புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போனார். புடவைக்காரரைத் தோட்டத்தில் யாரும் மறிப்பதில்லை. சம்பளக் காசு கைக்கு வரும் நாளில் அதை வாங்கிக்கொண்டு போக ஆள் வந்தால் துரைக்கும் கவலையில்லை, கங்காணிக்கும் கவலையில்லை.

லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்து, சேலை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் விசாரித்திருப்பதை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பேன். புடவை விற்பவர் எப்போதும் கேட்கிற கேள்விதான், கையில் எவ்வளவு இருக்கிறது என்பது. அந்தக் கேள்விக்கு வந்த பதிலில்தான் மலையகத்தின் முழுக்கதையும் இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. கடன் இருக்கிறது. எவ்வளவு கடன் என்று கேட்டால் அது கங்காணிக்குத்தான் தெரியும்.

இந்தக் கடனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பஞ்சத்தில் கிடந்த குடும்பத்திடம் கங்காணி போவார். வழிச்செலவு, பழைய கடனை அடைக்க முன்பணம், பிள்ளைக்கு ஒரு துணி. எல்லாம் கணக்கில் ஏறும். கணக்கு கங்காணியிடம். வந்து சேர்ந்த பிறகு அரிசி, மருந்து, கலியாணம், கருமாதி எல்லாம் அதே கணக்கில். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவருடைய கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதற்குத் துண்டு என்று பெயர். அந்தத் தொகையை அடுத்த தோட்டம் கட்டி ஆளை எடுக்கும். அதாவது ஒரு மனிதரின் விலை ஒரு சின்னக் கடதாசியில். கட்டாமலும் சொல்லாமலும் போனால் சிறை. இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் அதோடு ஒழியவில்லை.

நடேசய்யர் பிறகு எழுதியவற்றையும் பேசியவற்றையும் பார்க்கும்போது, அவரை உலுக்கியது வறுமையைவிட வேறொன்று என்று எனக்குப் படுகிறது. தஞ்சாவூரில் வறுமையை அவர் கண்டிருப்பார். இங்கே கண்டது, கடன்பட்டவர் அந்தக் கடனைப் பார்த்த விதம். அது கணக்கு அல்ல, கர்மம். கங்காணி பெரும்பாலும் ஒரே சாதி, ஒரே ஊர், சில வேளை சொந்தக்காரர். அப்பா மாதிரி. அவரிடம் போய்க் கணக்கைக் காட்டு என்று கேட்பது பெற்ற தகப்பனிடம் சாட்சி கேட்கிற மாதிரி. உப்பிட்டவருக்குத் துரோகம். அந்த எண்ணத்துக்குப் பூட்டுத் தேவையில்லை, காவற்காரன் தேவையில்லை.

அப்போது செட்டிகுளத்தில் மரம் வரைந்தவர் சரியாகத்தான் சொன்னாரோ? எண்ணம்தான் வேரா?

பாதி சரி. எண்ணம் வாழ்க்கையை அமைக்கிறதுதான். ஆனால் யாருடைய எண்ணம் யாருடைய வாழ்க்கையை அமைக்கிறது? பழைய லயம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள், முதுகோடு முதுகாக இரண்டு வரிசை, பின்பக்கம் யன்னலுக்கு இடமேயில்லை. அந்தச் சுவர்களை எழுப்பியது ஒரு எண்ணம்தான். இங்கே இருப்பது குடும்பங்கள் அல்ல, கைகள் என்ற எண்ணம். அது தொழிலாளியின் தலையில் முளைத்ததல்ல. நூறு வருடம் அந்த அறைக்குள் பிறந்து அந்த அறைக்குள்ளேயே செத்தவர்களின் தலைக்குள் அது பிறகு புகுந்தது. நடேசய்யர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார். தொழிலாளியின் மனதோடு பேசினார், ஆனால் தொழிலாளியின் துன்பத்துக்கு அவருடைய மனம்தான் காரணம் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் இன்னொருவர் ஞாபகம் வருகிறார். ஜேம்ஸ் அலன் என்ற ஆங்கிலேயர் எழுதிய, எண்ணமே வாழ்வை ஆக்குகிறது என்று சொல்லும் சிறுநூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வ.உ. சிதம்பரனார். மனம் போல வாழ்வு என்ற பெயரில் 1909இல் வந்தது. அப்போது அவர் சிறையில். வெள்ளைக்காரக் கம்பனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டதற்கும் பேசியதற்கும் கிடைத்த தண்டனை. சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். செக்கிழுப்பது தன்னுடைய கெட்ட எண்ணத்தின் விளைவு என்று நம்பியா அவர் அதை மொழிபெயர்த்திருப்பார்? அந்தத் தலைமுறைக்கு அந்தத் தத்துவம் அடங்கிப்போவதற்கான மருந்தாக இருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நடேசய்யர் சில வருடங்களில் இலங்கைக்கே குடிவந்துவிட்டார். 1921இல் டாக்டர் ஈ.வி. ரட்ணத்தோடு சேர்ந்து தேசநேசன் பத்திரிகை, 1924இல் தேசபக்தன். ஆங்கிலத்திலும் பத்திரிகைகள் நடத்தினார். எல்லாமே நட்டம்தான். கொழும்பில் தொழிலாளர்களின் பெருந்தலைவராக இருந்த ஏ.ஈ. குணசிங்கவோடு தோளோடு தோள் நின்றார். சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் நிற்கமுடியும் என்று இருவரும் நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1925இல் சட்டநிரூபண சபைக்குப் போனார். 1920களின் கடைசியில், வேலைகளை இந்தியர்கள் பறிக்கிறார்கள் என்ற பேச்சு குணசிங்கவின் பக்கத்திலிருந்தே கிளம்பியபோது இருவரும் பிரிந்தார்கள். அந்தப் பிரிவைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனமில்லை. இந்தத் தீவில் அதற்குப் பிறகு நடந்த பல பிரிவுகளின் ஒத்திகை அது.

அவர் கொழும்பை விட்டு அட்டனுக்குத் தன் தளத்தை மாற்றினார். 1931 ஜனவரியில் அங்கே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்களுக்கென்று எழுந்த முதலாவது தொழிற்சங்கம் அது.

இன்று அட்டன் பஸ் நிலையத்தில் இறங்குகிறவருக்கு இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று விளங்காது. அப்போது தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில், சனம் அரிசி, கருவாடு வாங்க நகரத்துக்கு இறங்கும் நேரத்தில் கூட்டம். நேரே வந்து நின்றால் கங்காணியின் ஆள் பார்ப்பான். ஆகவே கடை வாசலில் நின்று கேட்பது, பாதையோரம் குந்தியிருந்து கேட்பது. கேட்டது தெரிந்தால் பத்துச்சீட்டு. இதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும்: பத்துச்சீட்டு என்றால் வேலைநீக்கக் கடிதம். வேலை போனால் லயத்து அறையும் போகும். சட்டி பானையோடு அன்றைக்கே றோட்டில். பெரிய கங்காணிமார் நடேசய்யருக்கு எதிராகத் தாங்களும் கூட்டம் கூட்டினார்கள், அவர் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போகாதீர்கள் என்று எச்சரித்தார்கள்.

என் தாத்தாவின் தகப்பன் அப்படியொரு கூட்டத்தில் நின்றவர் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. என்ன பேசினார்கள் என்று அவர் வீட்டில் சொன்னதாகக் கதை இல்லை. அடுத்த சம்பள நாளில் கணக்கப்பிள்ளையிடம், தன் பெயருக்கு நேரே எத்தனை பேர் விழுந்திருக்கிறது, எத்தனை அரைப்பேர் என்று செக்ரோலைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டாராம். அவருக்கு எழுத்துத் தெரியாது. சொன்னது சரியா பிழையா என்று பார்க்கவும் முடியாது. ஆனால் கேட்டுவிட்டார். அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்னர் அப்படி யாரும் கேட்டதில்லையாம். அந்த வருடமே அவர்கள் தோட்டம் மாறவேண்டி வந்தது.

அந்தக் கேள்வி எங்கேயிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்திருந்தது. உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். சட்டம் கொழும்பில் அச்சாகிக் கிடந்தது. பெரட்டுக்களத்தில் நிற்பவருக்கு அதைப் போய்ச் சொல்ல ஆள் இல்லை. நடேசய்யரும் அவருடைய ஆட்களும் செய்த முக்கியமான வேலை இந்தச் சொல்லும் வேலைதான். துண்டுப்பிரசுரம், பத்திரிகை, சின்னச் சின்னப் புத்தகங்கள். தொழிலாளர் சட்டத்தைத் தமிழில் விளக்கி எழுதினார். 1937இல் தொழிலாளர் அந்தரப் பிழைப்பு என்று ஒரு நாடகம் எழுதினார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலொன்றின் பெயர் நீ மயங்குவதேன்? இன்னொன்றின் பெயர் வெற்றியுனதே. பெயர்களைப் பார்த்தால் இன்றைக்குப் புத்தகக் கடைகளில் கிடக்கிற தன்னம்பிக்கைப் புத்தகங்களின் பெயர்கள் மாதிரியே இருக்கின்றன. வித்தியாசம் அந்தப் பெயர்களில் இருக்கிற நீ யார் என்பதில். அன்றைக்கு அந்த ஆளை நீ என்று ஒருமையில் அழைக்க எல்லாருக்கும் உரிமை இருந்தது. ஆனால் உனக்குப் புத்தி இருக்கிறது, நீ மயங்கவேண்டியதில்லை என்று சொல்வதற்காக அழைத்தவர் இவர்தான்.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? இங்கேதான் மீனாட்சி அம்மாள் வருகிறார். நடேசய்யரின் மனைவி. தேசபக்தன் பத்திரிகையைக் கணவரோடு சேர்ந்து சுமந்தவர். கூட்டம் தொடங்குமுன் அவர் மேடையில் ஏறிப் பாடுவார். சனத்துக்குப் பழகிய மெட்டில் புதிய சொற்கள். 1940இல் அவருடைய பாடல்கள் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற பெயரில் சிறுநூலாக வந்தன. பாட்டைப் பொலிஸ் பறிமுதல் செய்யமுடியாது, கங்காணி கிழிக்க முடியாது. கொழுந்து மலையில் ஒரு பெண் முணுமுணுத்தால் பக்கத்து நிரையில் நிற்பவர் பிடித்துக்கொள்வார். ஒரு பெண், அந்தக் காலத்தில், றோட்டோரக் கூட்டத்தில் நின்று கூலிச் சனத்துக்காகப் பாடினார் என்பதே தனியாக ஒரு கட்டுரைக்குக் காணும். மலையகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அவரைக் கணவரின் நிழலில் நிறுத்திவிட்டார்கள் என்ற குறை எனக்கு உண்டு. நானும் இங்கே அதைத்தான் செய்கிறேன்.

இதையெல்லாம் வெற்றிக்கதையாகச் சொல்ல முடியாது. சம்மேளனம் தொடங்கிய காலமே உலகப் பொருளாதார மந்தம் இறுகிய காலம். தேயிலை விலை விழுந்தது, கூலி குறைக்கப்பட்டது, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்ப அனுப்பப்பட்டார்கள். வேலை இருந்தாலே போதும் என்ற நிலையில் சங்கம் தளர்ந்தது. நடேசய்யர் தளரவில்லை. 1936இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். கிராமசபைத் தேர்தலில் தோட்டச் சனத்துக்கு வாக்கில்லை என்று சட்டம் வந்தபோது சபையில் எதிர்த்துப் பேசினார். தோற்றார். எண்ணிக்கை அவர் பக்கம் இல்லை.

அவரிடமும் ஒரு குறை இருந்தது. அவருடைய இயக்கம் பெரும்பாலும் அவரும் மனைவியும்தான். தனியே நடந்து பழகியவருக்குக் கூட்டமாக நடக்கச் சிரமம். 1939இல் நேரு வந்துபோன பின்னர் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாகி, அடுத்த வருடமே தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டத் தொடங்கியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். வேலைநிறுத்தங்கள் மலையெங்கும் பரவின. நடேசய்யர் உழுத நிலத்தில் வேறு கைகள் அறுவடை செய்தன. அவர் அந்தக் கைகளோடு சேரவில்லை. சேர்ந்திருக்கவேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் இருபது வருடம் தனியே அடிவாங்கிய ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா என்றும் தெரியவில்லை.

1947 பொதுத்தேர்தலில் மலையகத்திலிருந்து காங்கிரஸ்காரர்கள் ஏழு பேர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். நடேசய்யர் தோற்றார். அவருக்கு எதிராக வாக்களித்தவர்களில் எத்தனையோ பேருக்கு வாக்கு என்றால் என்ன என்று முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர். சில வாரங்களில், அந்த வருடம் நவம்பரில், அறுபது வயதில் காலமானார்.

ஒரு வருடம் கழித்து, 1948 நவம்பரில், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்கள் என்ன எண்ணினார்கள் என்பது அங்கே கேள்வியே அல்ல. இவர்கள் இங்கே தங்க வந்தவர்கள் அல்ல என்று மற்றவர்கள் எண்ணினார்கள், அந்த எண்ணத்தைச் சட்டமாக எழுதும் பேனா அவர்களிடம் இருந்தது. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்குபோட்டார்கள். துண்டு மாதிரித்தான். தொகை பெரிது, கடதாசி பெரிது. என் தாத்தாவின் இரண்டு தங்கைகள் கப்பலேறியது அந்தக் கணக்கில். தாத்தா வன்னிக்கு வந்தது அதற்குப் பிறகு வந்த இன்னொரு கணக்கில்.

அட்டனிலிருந்து திரும்பி வரும்போது கோச்சியில் யன்னலோரம் இருந்து இதையெல்லாம் யோசித்தேன். நடேசய்யர் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அவர் மாற்றிய சட்டங்கள் அதிகமில்லை. அவர் செத்த அடுத்த வருடமே எல்லாம் தலைகீழாயிற்று. ஆனால் என் தாத்தாவின் தகப்பன் செக்ரோலைப் பார்த்துச் சொல்லச் சொன்னார் என்ற கதையை எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். தாத்தா அதை முகாமில்கூடச் சொன்னார். நிவாரண அரிசி நிறை குறைந்தபோது, தராசை இன்னொருமுறை பார்க்கலாமா என்று அவர்தான் கேட்டார். எண்பது வயது. நிறுத்தவர் முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப நிறுத்தார்.

செட்டிகுளத்தில் எழும்பிப் போன அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவர் இப்போது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியபோது அவரும் போய் உட்கார்ந்தார். அவருக்குக் கடிதங்கள், விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் படிவமொன்றை நிரப்பும்போது, காணாமற்போன எனது மகன் என்று எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். அதை வெட்டச் சொன்னார். அவன் காணாமற்போகவில்லை தம்பி, நான் என் கையாலே கொடுத்தேன், வாங்கினவர்கள் இருக்கிறார்கள் என்றார். கையளிக்கப்பட்ட எனது மகன் என்று எழுதச் சொன்னார். திகதியையும், பாலத்தின் எந்தப் பக்கம் என்பதையும், அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் எழுதச் சொன்னார். படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. ஓரத்தில் எழுதினேன்.